கடல் கடக்கும் கலை எதைக் கழற்றி வைக்கிறது?

1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில், லோயி ஃபுல்லர் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் தமக்கென்று அமைத்திருந்த சிறிய அரங்கில், ஜப்பானிய நாடகக் குழு ஒன்று ஆடியது. குழுவை நடத்தியவர் கவாகாமி ஒதோஜிரோ. ஆனால் நகரம் பேசியதெல்லாம் அவருடைய மனைவி சதாயாக்கோவைப் பற்றித்தான். எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் அவருடைய நடிப்பில் மயங்கினார். இளைஞராக இருந்த பிக்காசோ அவரை வரைந்தார். ஜப்பானிய நாடகம் என்றால் இதுதான் என்று ஐரோப்பா முடிவு கட்டிக்கொண்டது. அவர்கள் கண்டு வியந்த நாடகமோ ஊர்விட்டுக் கிளம்பிய பிறகு உருவானது. கபுகி என்ற ஜப்பானிய மேடை நாடக மரபில் தனித்தனியே நின்ற இரண்டு நாடகங்களிலிருந்து பகுதிகளை எடுத்து இணைத்து, மொழி தெரியாதவர்கள் முன்னால் வசனம் எடுபடாது என்பதால் அதைச் சுருக்கி, சண்டையையும் நடனத்தையும் கூட்டி, பயணத்துக்கென்றே கட்டிய நாடகம் அது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் காட்சியும் வேண்டும் என்று ஃபுல்லர் கேட்டதால் அதுவும் சேர்ந்தது.

சதாயாக்கோவின் கதை இதைவிட விசித்திரமானது. ஜப்பானில் பெண்கள் மேடையேறுவதை 1629இல் அரசு தடை செய்ததிலிருந்து, கபுகியில் பெண் வேடங்களை ஆண்களே கட்டி வந்தார்கள். சதாயாக்கோ நடனம் பயின்ற கெய்ஷா, அதாவது விருந்துகளில் ஆடிப் பாடி மகிழ்விப்பதைத் தொழிலாகக் கொண்டவர்; சொந்த நாட்டில் நாடக நடிகையாக அறியப்பட்டவர் அல்லர். 1899இல் குழு அமெரிக்காவில் இறங்கியபோது, பெண் வேடத்தில் பெண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று அங்குள்ளவர்கள் எதிர்பார்த்ததால் அவர் மேடைக்கு வந்தார். வெளிநாட்டில் நடிகையாகி, அந்தப் புகழோடு ஊர் திரும்பி, 1908இல் தோக்கியோவில் நடிகைகளுக்கான பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். அயலூர் ரசிகர்களுக்காகச் செய்துகொண்ட ஒரு மாற்றம் உள்ளூரில் நூற்றாண்டுகளாக இறுகிக் கிடந்த வழக்கத்தை அசைத்துவிட்டது. ஆகவே, வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்காக ஒரு கலையை வெட்டி ஒட்டுவது எப்போதுமே கேடு என்று நான் வாதிட வரவில்லை. யார் வெட்டுகிறார்கள், எந்த நிலையில் நின்று வெட்டுகிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் கூத்து. பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது வேலையின் பொருட்டு ஓசூரில் குடியிருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் மகாபாரத விழா எடுத்தால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நாட்கள் ஓடும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றிக் காலையில் படுகளம் நடப்பதும், மாலையில் தீ மிதிப்பதும் ஊரே சேர்ந்து நடத்தும் காரியங்கள். இந்தக் கூத்தை இப்போது நகரத்துக் கலைவிழா மேடைகளுக்கும் அழைக்கிறார்கள். அழைப்பது நல்லதுதான், கொடுக்கும் நேரத்தில்தான் சிக்கல். எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர், நான் மாமா என்று அழைப்பவர், அப்படி ஒரு மேடையிலிருந்து திரும்பி வந்த பிறகு சொன்னார்: "விடிய விடிய ஆடறத இருவது நிமிசத்துல முடிங்கன்னா, எத விட்டுட்டு ஆடறது மாப்ள? திரையப் பிடிச்சு, வேசத்தக் காட்டிட்டு எறங்கி வந்துட்டோம்." அவருடைய கேள்வியை நூறாண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டு வரும் கலைகள் ஜப்பானில் இருக்கின்றன.

கபுகியை எடுத்துக்கொள்வோம். கபுகி அரங்கில் ஆட்டம் மேடையின் முன்விளிம்போடு நின்றுவிடுவதில்லை. ஹனாமிச்சி என்ற நீண்ட நடைமேடை, அமர்ந்திருப்பவர்களின் ஊடாக அரங்கின் பின்புறம் வரை செல்கிறது. முக்கிய நடிகர் அதன் வழியே வந்து, மேடைக்குச் சற்று முன்னால் நின்று, உடலை முறுக்கி, விழிகளை உருட்டி உறைந்து நிற்பார். அந்த நொடியில், மேல்மாடத்தில் இருக்கும் தேர்ந்த ரசிகர்கள் அவருடைய நடிகர் குடும்பத்துக்குரிய பட்டப்பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். "நாரிதாயா" என்று கூவினால் அது இச்சிகாவா தான்ஜூரோ பரம்பரைக்கு உரியது. கூவல் சற்று முந்தினாலும் பிந்தினாலும் காட்சி சப்பென்று போய்விடும் என்பதால், அந்த ரசிகர்களும் ஏறக்குறைய கலைஞர்களே. உடைகளையும் ஒப்பனைப் பெட்டிகளையும் கப்பலில் ஏற்றலாம். இந்த ரசிகர்களை எப்படி ஏற்றுவது?

1928இல் இரண்டாம் இச்சிகாவா சதான்ஜி தம் குழுவோடு மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் சென்றதே கபுகியின் முதல் முறையான வெளிநாட்டுப் பயணம். அங்கே அதைப் பார்த்த சோவியத் திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன், கபுகியில் ஒலியும் அசைவும் இடமும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்காமல் சம உரிமையோடு இயங்குகின்றன என்று வியந்து எழுதினார். பேசும் படம் வரவிருந்த காலம் அது. அவர் தமக்குத் தேவையானதைக் கபுகியிலிருந்து எடுத்துக்கொண்டார். அது தவறில்லை. தேர்ந்த கலைஞன் ஒருவன் வேற்றூர்க் கலையைப் பார்க்கும் முறை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சாதாரணப் பார்வையாளருக்கு அது போதாது. அதனால், 1960இல் கபுகியின் பெருங்குழு அமெரிக்காவுக்குச் சென்றபோது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே விளக்கத்தைக் கேட்பதற்குக் காதுக் கருவிகளைக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1975இல் தோக்கியோவின் கபுகி அரங்கிலேயே ஜப்பானியர்களுக்கும் அத்தகைய கருவி வந்துவிட்டது. சில தலைமுறைகள் போனால் உள்ளூர்க்காரரும் தம் கலைக்கு அயலாராகிவிடுகிறார்.

கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த இடத்தில் ஒன்று உடனே உறைக்கும். காதுக் கருவி செய்யும் வேலையைச் செய்வதற்கு நம்மிடம் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா தூய தமிழில் விருத்தம் பாடி முடித்ததும், "என்ன சொல்றாருன்னா..." என்று ஊர்ப் பேச்சில் அவிழ்த்துக் காட்டி, நடுவே உள்ளூர்ப் பஞ்சாயத்துக்காரரையும் ஒரு கிள்ளு கிள்ளி, தூங்குகிறவர்களை எழுப்பிவிட்டு, அதே மூச்சில் கதைக்குள் திரும்பிப் போகிறவன் அவன். விளக்கம் கலைக்கு வெளியே நிற்காமல் கலையின் உறுப்பாகவே இருக்கிறது. நகரத்து மேடைக்காகக் கூத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டியங்காரனின் பகுதிதான் என்பது எனக்குப் பெரிய புதிராக இருக்கிறது. அறிவிப்பாளர் ஒருவர் ஒலிபெருக்கியில் கலையின் வரலாற்றை வாசிப்பார். அதைவிடச் சிறப்பாகச் செய்யத் தெரிந்தவன் திரைக்குப் பின்னால் அரிதாரத்தோடு சும்மா நின்றுகொண்டிருப்பான்.

நோ நாடகத்தின் பயணம் வேறு வகை. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் கன்னாமியும் அவர் மகன் ஸெஆமியும் செம்மைப்படுத்திய இந்தக் கலை, 1954இல் வெனிஸ் நகர நாடக விழாவின் மூலம் ஐரோப்பாவுக்குப் போனது. நோ மேடை தனக்கென்று கூரையும் நான்கு தூண்களும் கொண்டது. பின்சுவரில் ஒரு பைன் மரம் தீட்டியிருக்கும். இடப்புறம் நடிகர் வரும் பாலம் ஒன்று நீளும். முகமூடியின் கண் துளைகள் மிகச் சிறியவை என்பதால், நடிகருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுப்பவை அந்தத் தூண்கள்தாம். எனவே வேற்றூர் அரங்குகளில் ஆடும்போது, பார்வையை மறைக்காத குட்டைத் தூண்களையாவது நட்டுக்கொள்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஐந்து நாடகங்களும் இடையிடையே கியோகென் நகைச்சுவைகளுமாக நடந்த மரபு, வெளிநாட்டில் ஒரு நாடகம், ஒரு கியோகென் என்று குறைகிறது. ஆனால் எடுத்துக்கொண்ட அந்த ஒரு நாடகத்தை யாரும் வேகப்படுத்துவதில்லை. ஓர் அடி எடுத்து வைப்பதற்கு ஆகும் நேரம் கியோத்தோவில் எவ்வளவோ அவ்வளவேதான் வெனிசிலும். (இன்றைய மெதுவான நடையே ஸெஆமி காலத்தது அன்று, பிற்காலத்தில் கூடியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரபு என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான்.) எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார்கள், எடுத்த காட்சியைக் குறைப்பதில்லை. எங்கள் கூத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன்.

கபுகி நடிகர் ஒருவர் இதற்கு நேர்மாறான வழியில் போனார். ஐந்தாம் நாகாமுரா கான்குரோ, பின்னாளில் பதினெட்டாம் கான்சாபுரோ என்று பட்டம் ஏற்றவர், 2004இல் நியூயார்க்கின் லிங்கன் மையத் திடலில் எதோ எனப்படும் பழைய ஆட்சிக் காலத்து நாடகக் கொட்டகை போன்ற ஒன்றையே கொண்டுபோய் நிறுத்தினார். நாடகத்தோடு நாடகக் கொட்டகையும் கடல் கடந்தது. ஒசாகாவில் நடக்கும் கொலையொன்றைச் சொல்லும் பழைய நாடகம் அது. கடைசிக் காட்சியில் கொட்டகையின் பின்கதவு திறக்க, நியூயார்க் காவலர் உடையில் ஆட்கள் உள்ளே பாய்ந்து கொலையாளியைத் துரத்தினார்கள். தூய்மை பேசுகிறவர்களுக்கு இது அபத்தமாகத் தோன்றியிருக்கலாம். எனக்கோ இது கபுகியின் குணத்துக்கு உண்மையாக நடந்துகொண்ட செயலாகவே படுகிறது. கபுகி எழுந்த காலத்தில் அது அன்றன்றைய நகரத்துச் செய்தியைத் தின்று வளர்ந்த கலை. படுகளத்தன்று வேடத்தோடு ஓடும் துரியோதனனுக்கும் பீமனுக்கும் ஊர்த் திடல்தானே அரங்கம்? அந்தச் சூழலைக் கொண்டுபோக முடிந்தால் காட்சியைச் சுருக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

இனி ஜப்பானிய முரசான தைக்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் வாழும் ஜப்பானியரும் ஜப்பானிய மொழி கற்கும் நம்மவரும் சேர்ந்து ஆண்டுதோறும் ஜப்பான் ஹப்பா என்ற விழாவை நடத்துகிறார்கள். ஓசூரிலிருந்து போய்வருவது எளிது. அங்கே தைக்கோ முழக்கம் கேட்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒருவர் தம் மகளிடம், இது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முரசு பழையதுதான், கோயிலிலும் திருவிழாவிலும் நோ, கபுகி மேடைகளிலும் அது ஒலித்து வந்திருக்கிறது. ஆனால் சிறிதும் பெரிதுமாகப் பல முரசுகளை நிறுத்தி, அவற்றை மட்டுமே வைத்துக் குழுவாக வாசிக்கும் மேடைக் கலை 1951இல் பிறந்தது. நாகானோ பகுதியைச் சேர்ந்த ஜாஸ் டிரம் கலைஞரான ஒகுச்சி தைஹாச்சி, பழைய முரசுக் குறிப்பு ஒன்று கைக்குக் கிடைத்தபோது, ஒற்றை முரசுக்கான அதைத் தாம் அறிந்த டிரம் வரிசையின் முறைப்படி பல முரசுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கையொட்டிய கலைநிகழ்ச்சி அதை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. 1969இல் சாடோ தீவில் ஒன்தெக்கோசா என்ற குழு உருவானது; நெடுந்தூர ஓட்டத்தையும் முரசையும் ஒரே பயிற்சியாகக் கொண்ட அந்த இளைஞர்கள், 1975இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த கையோடு முரசை முழக்கி அமெரிக்கர்களைத் திகைக்க வைத்தார்கள். அதிலிருந்து கிளைத்த கோடோ என்ற குழுவின் அரங்கேற்றமே 1981இல் பெர்லினில்தான் நடந்தது. இன்று அந்தக் குழு 50க்கும் மேற்பட்ட நாடுகளில் வாசித்திருக்கிறது.

தைக்கோ என்றவுடன் பலருக்கும் நினைவில் எழும் உருவம் ஒன்றுண்டு: ஆளுயரத்துக்கும் மேலான முரசின் முன்னால், கோவணம் மட்டும் கட்டிய ஒருவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று அடிப்பார். திருவிழாக்களில் ஆண்கள் அப்படி உடுத்துவது ஜப்பானில் உண்டுதான்; மேடையில் அப்படி நிற்கும் யோசனையோ, பாரிசில் ஒன்தெக்கோசாவை வரவேற்ற ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டினிடமிருந்து வந்தது என்று அக்குழுவின் பழையவர்கள் நினைவுகூர்வதுண்டு. இதைச் சொல்வதால் தைக்கோவின் மதிப்பு என் கண்ணில் குறையவில்லை. பழையதைச் சுருக்கி விற்காமல், இருந்த கருவியைக் கொண்டு புதிய மேடைக்குப் புதிய வடிவத்தைக் கட்டினார்கள். அதனால்தான் தைக்கோ எந்த ஊரிலும் துண்டாகத் தெரிவதில்லை. எனக்குள்ள வருத்தமெல்லாம், அதை ஆயிரமாண்டுப் பழமை என்று சொன்னால்தான் கைதட்டு விழும் என்ற நிலையைப் பற்றியது.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. பெரிய தைக்கோ முரசுக்குக் கெயாக்கி மரத்தின் அடியைக் குடைந்து, ஆண்டுக்கணக்கில் காய வைத்து, மாட்டுத் தோலை இழுத்து ஆணியடிக்க வேண்டும். தோல் வேலை செய்தவர்களை ஜப்பானியச் சமூகம் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைத்திருந்தது. புராகு மக்கள் எனப்படும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட இழிநிலையை 1871இல் அரசாணை நீக்கியபோதும், திருமணத்திலும் வேலையிலும் பாகுபாடு தொடர்ந்தது. ஒசாகாவின் நானிவா பகுதி, தலைமுறை தலைமுறையாக முரசு செய்யும் அத்தகைய மக்களின் இடம். முரசு உலகம் சுற்றிப் பாராட்டு வாங்க, அதைச் செய்தவர்கள் அதை வாசிக்காமலும் பெயர் வெளியே தெரியாமலும் இருந்தார்கள். 1987இல் அந்தப் பகுதி இளைஞர்களே இகாரி என்ற தைக்கோ குழுவைத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் தெராதா யோஷிதாகா என்ற இசை ஆய்வாளர். அதற்கு முன் அவர் ஆராய்ந்தது நாகசுரக் கலைஞர்களையும் அவர்களைச் சூழ்ந்த சாதியையும் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பறை எந்தச் சேரியிலிருந்து வந்தது, எந்த வீட்டுச் சாவுக்கு யாரைக் கட்டாயப்படுத்தி அழைத்தார்கள் என்பதையெல்லாம் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இப்போது பறை கல்லூரி விழாக்களில் முழங்குகிறது. அதற்குத் தோல் பதப்படுத்தி ஒட்டிக் கொடுப்பவரின் பெயரை மேடையில் ஒருமுறை சொல்வதில் யாருக்கு என்ன நட்டம்?

அரசு முயற்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜப்பான் 1972இல் ஜப்பான் ஃபவுண்டேஷனை நிறுவிப் பண்பாட்டு நிகழ்ச்சிகளை முறையாக அனுப்பத் தொடங்கியது; 2008இல் டோரேமோன் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை, ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமேயின் தூதராக அறிவித்தது; 2013இல் கூல் ஜப்பான் நிதியத்தைத் தொடங்கியது. ஆனால் ஓசூர் வீடுகளில் டோரேமோனும் ஷின்சானும் நுழைந்தது தூதராக அல்ல, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளின் தொலைக்காட்சிப் பெட்டி வழியாகத்தான். அந்தத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர்கள், ஜப்பானியக் குடும்பத்தின் சண்டையை நம் வீட்டுச் சண்டையாகவே பேசினார்கள். கட்டியங்காரனின் வேலையை அவர்கள் செய்துவிட்டார்கள் என்றே சொல்வேன். இப்போது அனிமேத் திரைப்படங்கள் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கே வருகின்றன. அந்தக் கதைகள் மரபுக் கலைகளுக்கும் திரும்பிப் போகின்றன: 2015இல் ஒன் பீஸ் கபுகியாகவும், 2022இல் டீமன் ஸ்லேயர் நோ, கியோகென் வடிவத்திலும் மேடையேறின. டீமன் ஸ்லேயர் பார்க்கும் என் அக்கா மகன், நோ முகமூடி ஒன்றின் படத்தைக் கண்டதும் அது எந்தப் பேய் என்று விசாரித்தான். நுழைவாயில் எதுவாக இருந்தால் என்ன?

மாமாவின் கேள்விக்கு ஜப்பானிலிருந்து நேரடியாக விடை எடுத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கான்குரோ கொட்டகையோடு கடல் கடந்தார் என்றால், அவருக்குப் பின்னால் 1895இலிருந்து நாடகத் தொழிலில் இருக்கும் ஷோச்சிக்கு நிறுவனம் நின்றது. நோ நடிகர்களில் தலைசிறந்தவர்களை வாழும் தேசியச் செல்வங்களாக அரசு அறிவித்து உதவித்தொகை தருகிறது. 1966இல் தேசிய நாடக அரங்கைத் திறந்து, பின்னர் அங்கேயே புதியவர்களுக்குக் கபுகி பயிற்றுவிக்கவும் தொடங்கியது. கவாகாமியின் குழுவுக்கோ அப்படி எந்தப் பற்றுக்கோடும் இல்லை. அமெரிக்காவில் வசூல் பணத்தைப் பறிகொடுத்து, பட்டினியோடு ஊர் ஊராக நகர்ந்தவர்கள் அவர்கள். யார் எதைக் கேட்டாலும் சேர்த்துக்கொண்டார்கள், வெட்டச் சொன்னதை வெட்டினார்கள். இருபது நிமிடம் போதாது என்று சொல்வதற்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்களில் பலர் திருவிழாக் காலம் முடிந்தால் கட்டட வேலைக்கும் மாம்பழக் கூழ் ஆலைக்கும் போகிறவர்கள்; நகரத்து மேடை கொடுக்கும் தொகை சிறியதானாலும் அதை மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை.

இருந்தும் மாமாவிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த அழைப்பு வரும்போது, கதையின் சுருக்கத்துக்குச் சம்மதிக்காமல், கர்ண மோட்சத்தில் கர்ணனும் பொன்னுருவியும் பிரியும் காட்சியை மட்டும் முழுதாக ஆடுகிறோம், அதற்கு ஒரு மணி நேரமும் கட்டியங்காரனும் வேண்டும், வேடத்துக்கான முடியும் தோளணியான புஜகீர்த்தியும் செய்து கொடுத்தவரின் பெயரை முதலில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம் என்பது என் யோசனை. முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, முடி செய்தவருக்குப் போன வருடத்துப் பாக்கியே இன்னும் கொடுக்கவில்லை என்றும், பெயரை அறிவித்தால் அவர் மேடைக்கே வந்து கேட்டுவிடுவார் என்றும் சொல்லிச் சிரித்தார். இப்போதைக்கு, அழைப்பிதழ் எழுதுகிறவர்களுக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.